பிள்ளை யாருக்குச் சொந்தம்?

வகுப்பிலே குழப்படிக்காரன் என்று பெயரெடுத்த பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று, ‘இனி நான் பெரியம்மா வீட்டில்தான் இருப்பேன்’ என்று சொல்லிவிட்டால், ஆரையம்பதியில் அது குடும்ப மானத்தைக் குலைக்கும் காரியமாகக் கருதப்படுகிறது. படிப்பில் வெறுப்பையும் பேச்சில் எரிச்சலையும் பொறுத்துக்கொண்ட பெற்றோர், இந்த ஒரு சொல்லைப் பொறுக்கமாட்டாதவராகின்றனர். பிள்ளையின் நலம் கெடும் என்னும் அச்சமா இது? அல்லது, நமது உடைமை கைமாறுகிறது என்னும் வேதனையா? இவ்விரண்டையும் நாம் வேறுபிரித்துப் பார்க்க வேண்டும்.

மட்டக்களப்புக்கு இக்கேள்வி புதிதன்று. தாய்வழிக் குடிமுறை வேரூன்றிய இப்பகுதியில் மணமகன் மனைவி வீட்டுக்குக் குடிபோவதே வழக்கம். அதனால் அக்காளும் தங்கையும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்வதும், பிள்ளைகள் இருவீட்டிலும் உண்டு உறங்குவதும் இயல்பாயின. தாயின் உடன்பிறந்தாளைத் தமிழ் பெரியம்மா என்றும் சின்னம்மா என்றுமே அழைக்கிறது. சங்க அகப்பாடல்களிலும் நற்றாயோடு செவிலித்தாயும் பேசுகிறாள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபின், தாயை இழந்த பிள்ளைகள் பலரை அம்மம்மாக்களும் சின்னம்மாக்களுமே வளர்த்தெடுத்தனர்.

ஆயினும், மரபைப் புகழ்ந்து நாம் ஓய்ந்துவிட முடியாது. ‘நம் பிள்ளை’ என்ற பெயரில் உறவினர் வீட்டிலே சம்பளமில்லா வேலைக்காரியாக்கப்படும் சிறுமியரும் உண்டு. ‘அங்கேயே போய்க் கிட’ என்று பொறுப்பைக் கைகழுவும் பெற்றோரும் உண்டு.

இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பற்றிய விடயங்களிற் கருத்துக் கூறும் உரிமை பிள்ளைக்கு உண்டென்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்தை மதிக்கவும் சொல்கிறது. பிள்ளை சொன்னபடியெல்லாம் செய்ய வேண்டும் என்பது இதன் பொருளன்று. செவிகொடுத்துக் கேட்காமல் தீர்ப்பளிக்கலாகாது என்பதே பொருள். கேட்கும்போது, அது எங்கே போக விரும்புகிறது என்பதைவிட, எதை விட்டு ஓட விரும்புகிறது என்பதையே முதலில் அறிய வேண்டும். தகப்பனின் குடியா? அடியா? நுண்கடன் தவணை நாளில் மூளும் சண்டையா? மத்திய கிழக்கில் உழைக்கும் தாயின்றி வெறுமையுற்ற வீடா? இவற்றுட் பல, உழைப்பவனுக்கு ஊரிலே வாழ்வளிக்காத சமுதாய அமைப்பின் நோய்கள். அவற்றின் சுமையைப் பிள்ளையின் தலையில் ஏற்றிக் ‘கெட்டுப்போனவன்’ என்று பட்டஞ்சூட்டுவது அநீதி. ஆசிரியர்களாகிய நாம் அந்தப் பட்டத்தைச் சூட்டுவோருள் முதல்வராய் இருத்தல் கூடாது.

எனவே, பிள்ளை நாடும் வீடு பாதுகாப்பானதாயின் போகவிடுதலே அறம். பாதுகாப்பற்றதாயின் மறுக்கத்தான் வேண்டும். ஆனால் காரணத்தைச் சொல்லி மறுக்க வேண்டும். போன பின்பும் படிப்புச் செலவு பெற்றோருடையதே. பாடசாலைக் கூட்டத்துக்கு வர வேண்டியவரும் அவர்களே. பிள்ளை திரும்பி வரும் நாளில், ‘ஏன் வந்தாய்?’ என்று எவரும் கேட்கலாகாது. பெற்றோரின் உரிமை என்று நாம் சொல்வது கடமையின் மறுபெயரேயாகும். வீடு மாறுவதால் அக்கடமை தீர்ந்துவிடாது.