ஹாரீதியின் மகன்



“காதுகுத்தும் முடியிறக்கும் விட்டொழித்தோம், இனி எம் குழந்தைகளுக்கு எதைக்கொண்டு விழா எடுப்பது?” எனச் சனத்நகரில் நம்மவர் சிலர் வினவினர். நியாயமான வினா. சடங்கை விலக்கிய வீட்டில் பிள்ளைக்குப் பாயசமும் இல்லையென்றால், அவ்வீட்டில் தம்மம் நெடுநாள் தங்காது.

ஜப்பானியரைப் பாருங்கள். மே 5-ஆம் நாளையொட்டி, கெண்டைமீன் வடிவான துணிக்குழல்களை உயர்ந்த கம்பங்களில் ஏற்றுகின்றனர். காற்றுப் புகுந்ததும் அவை உப்பி வானில் நீந்தும். அருவியை எதிர்த்தேறிய கெண்டை, பறக்கும் நாகமாயிற்றென்னும் சீனக் கதையே இதற்கு மூலம். முன்னாளில் இஃது ஆண்மக்கள் விழா. பெண்மக்களுக்கு மார்ச் 3-இல் பொம்மை விழா. 1948-ஆம் ஆண்டுச் சட்டமோ மே 5-ஐ எல்லாக் குழந்தைகட்கும் உரியதாக்கி, அன்னைக்கு நன்றி செலுத்தும் நாளென்றும் வகுத்தது. மகனுக்குப் பாலும் மகளுக்கு மோரும் வார்க்கும் நம் வீடுகள் இதைக் கேட்கட்டும்! நவம்பர் 15-இல் மூன்று, ஐந்து, ஏழு வயதுப் பிள்ளைகளை ஆலயத்திற்கு அழைத்துச் சென்று, கொக்கும் ஆமையும் வரைந்த பையில் நீண்ட மிட்டாய் தருவதும் உண்டு; நீண்ட ஆயுளின் குறி அது.

ஆயினும், அவர்கள் குழந்தைகளின் காவலாகப் போற்றும் கிஷிமோஜின் நம் நாட்டு ஹாரீதியே ஆவாள். ஐந்நூறு மக்களைப் பெற்றும் பிறர் மக்களைக் கவர்ந்து தின்ற இயக்கி அவள். பகவன் அவளுடைய கடைசி மகனைத் தம் திருவோட்டின்கீழ் மறைத்தார். அவள் எங்கும் தேடி, அழுது, அவரிடமே வந்து வீழ்ந்தாள். ஐந்நூற்றுவரில் ஒருவனை இழந்தவளுக்கே இத்துயரெனில், ஒரே பிள்ளையை இழந்தவள் நிலை யாதென வினவினார். அவள் திருந்தினாள். “இனி எம் மக்கள் எதை உண்பர்?” என்றாள். சங்கத்தின் உணவில் நாள்தோறும் அவளுக்கொரு பங்கு உண்டென்றார் பகவன். வைது விரட்டவில்லை, பசிக்கு வழி செய்தார், பாருங்கள்! ஏழாம் நூற்றாண்டில் வந்த சீனத் துறவி இட்சிங், விகாரைகளின் உணவுச்சாலையில் அவள் உருவிற்கு அன்னம் படைத்ததைக் குறித்துள்ளார். அஜந்தாவின் 2-ஆம் குகையில் அவளை இன்றும் காணலாம். நாகார்ஜுனகொண்டாவிலும் அவளுக்குக் கோயில் இருந்தது.

ஆதலின் வைசாகப் பௌர்ணமியன்று துணிமீன் ஏற்றுவோம். ஆலைக்கழிவுத் துணியே போதும். பஞ்சசீலம் ஓதியபின் முதற்பந்தி பிள்ளைகளுக்கு. அப்பந்தியில், தெருமுனைத் தேநீர்க்கடையில் குவளை கழுவும் சிறுவனும் அமர வேண்டும். அவனும் ஒருத்தியின் மகனன்றோ? அவனைப் பள்ளியிற் சேர்க்க விண்ணப்பம் எழுத இருவர் இசைந்துள்ளனர். கடைக்காரரிடம் பேச ஞாயிறு காலை நான் செல்கிறேன். உடன்வர விரும்புவோர் ஏழு மணிக்கு வருக.