ஹோமமும் 'ந மம' என்னும் சொல்லும்

ஸ்ரீ:

பாண்டி நாட்டுத் திவ்யதேசங்கள் பதினெட்டில் ஒன்றாகிய திருப்புல்லாணி, இராமநாதபுரத்துக்குத் தெற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், ஸேதுக் கடலுக்கு அருகே விளங்கும் புண்ணிய க்ஷேத்ரம். திருமங்கையாழ்வார் தமது பெரிய திருமொழியில் இரண்டு திருப்பதிகங்களால் இத்தலத்தை மங்களாசாஸனம் செய்தருளினார். இங்கே ஆதிஜகந்நாதப் பெருமாள் எழுந்தருளியிருந்து அடியார்களின் குறைகளைத் திருச்செவி சாற்றியருளுகிறான். பிள்ளைப்பேறு வேண்டும் தம்பதிகள் ஸேதுக்கரையில் நீராடி, நாகப்ரதிஷ்டை செய்து, பெருமாளை ஸேவித்து, பாயஸப் ப்ரஸாதத்தைப் பயபக்தியுடன் பெற்றுக்கொள்வது இத்தலத்தில் நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கமாகும்.

இப்பாயஸத்தின் பெருமை ஒரு வேள்வித் தீயோடு தொடர்புடையது. தசரத சக்ரவர்த்தி பிள்ளையில்லாக் குறையால் வருந்தி இத்தலத்துக்கு வந்து, ஆதிஜகந்நாதனை வழிபட்டு, மந்த்ரோபதேசம் பெற்றார் என்பது ஸ்தல வரலாறு. பின்னர் ருச்யச்ருங்க மஹரிஷியைக் கொண்டு அவர் புத்ரகாமேஷ்டி செய்ததை வால்மீகி பகவான் பாலகாண்டத்தில் விரிவாக அருளிச்செய்திருக்கிறார். அக்நியினின்று ஒரு திவ்யபுருஷன் தோன்றி, வெள்ளி மூடியிட்ட பொற்பாத்திரத்தில் பாயஸத்தை ஏந்தி வந்து அரசன் கையில் கொடுத்தான். அரசன் அதில் ஒரு துளியையும் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. பாதியைக் கௌஸல்யைக்கும், கால் பங்கை ஸுமித்ரைக்கும், அரைக்கால் பங்கைக் கைகேயிக்கும் அளித்து, எஞ்சிய அரைக்கால் பங்கைச் சிந்தித்து மீண்டும் ஸுமித்ரைக்கே அளித்தான்.

இச்சரிதத்தைக் கேட்கும் ஆஸ்திகர்களின் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. 'தசரதனுக்குப் பலித்தது. எங்களுக்கும் பலிக்குமா? எத்தனை ஆஹுதி, எவ்வளவு நெய், எந்த ஸமித்து?' என்று கேட்போர் பலர். இக்கேள்விக்கு விடை காணுமுன், ஹோமம் என்பது யாது என்பதைச் சற்று ஆராய்தல் வேண்டும்.

மீமாம்ஸா சாஸ்த்ரம் அறிந்த பெரியோர், யாகத்துக்கு மூன்று அங்கங்களைக் கூறுவர். கொடுக்கப்படும் பொருளாகிய த்ரவ்யம் ஒன்று. எவரை உத்தேசித்துக் கொடுக்கிறோமோ அந்தத் தேவதை ஒன்று. 'இது இனி என்னுடையதன்று' என்று விடுகிற த்யாகம் ஒன்று. இவ்வாறு விடப்பட்ட பொருளை அக்நியில் சேர்க்கும்போது அது ஹோமம் எனப்படுகிறது. தானத்துக்கும் ஹோமத்துக்கும் வேற்றுமை இங்கேதான் உள்ளது. தானத்தில் நாம் விட்ட பொருள் மற்றொருவருக்கு உடைமையாகிறது. பசுவைத் தானம் செய்தவன் நாளைக்கு அப்பசுவைத் தெருவில் கண்டு, 'இது நான் கொடுத்தது' என்று மகிழவும் இடமுண்டு. ஹோமத்திலோ, விட்ட பொருளைத் திரும்பிப் பார்ப்பதற்கும் இடமில்லை. நெருப்பு அதைச் சாம்பலாக்கிவிடுகிறது.

இதனாலேயே ஒவ்வொரு ஆஹுதியின் முடிவிலும் 'அக்நயே இதம் ந மம' என்பது போன்ற வாக்யம் சொல்லப்படுகிறது. 'இது அக்நிக்கு உரியது. என்னுடையதன்று' என்பது இதன் பொருள். இவ்வாக்யத்தைச் சொல்லக் கடமைப்பட்டவன் யஜமானன், அதாவது யாருடைய பொருளால் ஹோமம் நடைபெறுகிறதோ அவன். மந்த்ரங்களை ருத்விக்குகள் சொல்லலாம். நெய்யை அவர்கள் வார்க்கலாம். ஸமித்தை அவர்கள் அடுக்கலாம். உடைமையை விடுவது மட்டும் உடையவனால்தான் இயலும். இக்காலத்தில் பல க்ருஹங்களில் வைதிகர் ஒருபுறம் ஹோமம் செய்துகொண்டிருக்க, யஜமானன் மறுபுறம் வந்தவர்களை வரவேற்பதிலும், புகைப்படம் எடுப்போருக்கு முகம் காட்டுவதிலும் பொழுதைப் போக்குகிறான். அவன் ஒருவனே செய்யக்கூடிய ஒரே காரியம் அங்கே செய்யப்படாமல் நின்றுவிடுகிறது.

ஹோமத்தின் க்ரமமும் இந்த த்யாகத்தை நோக்கியே அமைந்திருக்கிறது. முதலில் ஸங்கல்பம், மனைவியுடன் கூடி இருந்து, எதற்காகச் செய்கிறோம் என்பதை வாய்விட்டுச் சொல்லுதல். அடுத்து அக்நி ப்ரதிஷ்டை. அக்நியைச் சுற்றித் தர்ப்பங்களைப் பரப்புகிறார்கள். மேற்கிலும் தெற்கிலும் வடக்கிலும் பரிதி என்னும் மூன்று குச்சிகளை வைக்கிறார்கள். கிழக்கில் வைப்பதில்லை, அத்திசையை ஸூர்யனே காக்கிறான் என்று வேதம் கூறுகிறது. நீரால் சுற்றிப் பரிஷேசனம் செய்து, ஸமித்தும் நெய்யும் அன்னமும் உரிய மந்த்ரங்களோடு, 'ஸ்வாஹா' என்று சொல்லி ஸமர்ப்பிக்கப்படுகின்றன. முடிவில் ஸ்விஷ்டக்ருத் என்ற ஆஹுதி ஒன்று உண்டு. 'செய்ததில் மிகையானதையும் குறையானதையும் அறிந்து, அனைத்தையும் நன்றாகச் செய்யப்பட்டதாக ஆக்கியருள்வாயாக' என்ற ப்ரார்த்தனையே அதன் கருத்து. மிகக் கற்ற வைதிகரும் இதைச் சொல்லாமல் எழுந்திருப்பதில்லை. குறையின்றிச் செய்துவிட்டேன் என்ற கர்வத்துக்கு ஹோமகுண்டத்தின் அருகே இடமே இல்லை.

பயன் கருதி இக்கர்மங்களை நித்யம், நைமித்திகம், காம்யம் என மூவகையாகப் பிரிப்பர். ப்ரஹ்மசாரி நாள்தோறும் செய்யும் ஸமிதாதானமும், க்ருஹஸ்தன் காலை மாலைகளில் செய்யும் ஔபாஸனமும் நித்யம். ஸமிதாதானத்துக்குச் சில குச்சிகள் போதும். ஔபாஸனத்துக்கு ஒரு பிடி அரிசி போதும். ஒரு காலத்தை ஒட்டியோ நிகழ்ச்சியை ஒட்டியோ கடமையாக வருவது நைமித்திகம். ஆலயங்களில் உத்ஸவ காலத்தில் யாகசாலை அமைத்துச் செய்யும் ஹோமங்கள் உலக க்ஷேமத்தை உத்தேசித்தவை. ஒரு பயனை விரும்பிச் செய்வது காம்யம். புத்ரகாமேஷ்டி இவ்வகையைச் சேர்ந்தது. ஒரு பிடி அரிசியால் அன்றாடம் செய்யவேண்டியதை விட்டுவிட்டு, பெரும் பொருட்செலவில் காம்ய ஹோமத்தை மட்டும் நாடுவது, வேருக்கு நீர் வார்க்காமல் மரத்தினிடம் பழம் கேட்பதை ஒக்கும்.

இதனால், விரும்பிக் கேட்பது குற்றம் என்று கருதவேண்டா. துன்புற்று வருபவனையும், பொருள் வேண்டி வருபவனையும் தன் பக்தர்களாகவே கணக்கிட்டு, அவர்கள் அனைவரும் உதாரர்களே என்று கண்ணன் கீதையில் ஏழாம் அத்யாயத்தில் அருளிச்செய்தான். பெற்ற தாயிடம் குழந்தை கேட்காமல் வேறு யார் கேட்பர்? கேட்டபின் 'ந மம' என்று சொன்ன சொல்லை உள்ளத்தில் நிலைநிறுத்துவதே அரிது. 'மம' என்னும் ஈரெழுத்து ம்ருத்யு என்றும், 'ந மம' என்னும் மூவெழுத்து அழிவற்ற ப்ரஹ்மம் என்றும் மஹாபாரதம் கூறுகிறது. நாம் அன்றாடம் பெருமாள் ஸந்நிதியில் சொல்லும் 'நம:' என்ற சொல்லுக்கும் 'எனக்கு உரியேனல்லேன்' என்பதே பூர்வாசார்யர்கள் காட்டிய உட்பொருள்.

தசரதனின் சரிதத்தையே மேலும் நோக்குவோம். வேள்வியால் பிறந்த ராமன் வளர்ந்து வருகையில், விச்வாமித்ர மஹரிஷி அயோத்திக்கு எழுந்தருளினார். அவர் கேட்டது பொன்னன்று, பூமியன்று. தமது வேள்வியைக் காக்க ராமனைத் தரவேண்டும் என்றார். வேள்வி தந்த பிள்ளையை வேள்வியே திரும்பக் கேட்டது! அப்பொழுது தசரதன் சொன்னது என்ன? தன் ராமனுக்குப் பதினாறு வயதும் நிரம்பவில்லை என்று சொல்லி மறுத்தான். அக்நியின் முன்பு எத்தனையோ முறை 'ந மம' என்று சொன்ன நாவில், முனிவர் முன்பு 'என் ராமன்' என்ற சொல்லே வந்தது. வஸிஷ்டர் இடித்துரைத்த பின்னரே அவன் தெளிந்து பிள்ளையை அனுப்பினான். ராமனோ ஆறு நாள் இரவும் பகலும் கண்ணயராது அவ்வேள்வியைக் காத்து, மாரீசனைக் கடலில் எறிந்து, ஸுபாஹுவை ஆக்நேயாஸ்த்ரத்தால் வீழ்த்தினான். அன்று அனுப்பியதால் ஸீதையே மருமகளாக வாய்த்தாள். பின்னொரு நாள் ராமன் காடு செல்ல நேர்ந்தபோது, தசரதன் பிரிவைத் தாங்காமல் உயிர் நீத்தான். அவன் அன்பை யாரும் குறைகூற இயலாது. ஆயினும், வேள்வி கொடுத்த பயனும் 'என்னது' என்று இறுகப் பற்றினால் சோகத்துக்கே காரணமாகும் என்பதை இச்சரிதம் காட்டுகிறது.

அதே ராமாயணத்தில் மற்றொரு ஹோமமும் உண்டு. இலங்கையில் நிகும்பிலை என்னுமிடத்தில் இந்த்ரஜித் செய்யத் தொடங்கிய ஹோமம் அது. மந்த்ரம் அவனுக்கும் தெரியும், அக்நியும் அதே அக்நி, நெய்யும் குறைவில்லை. பிறரை அழித்துத் தன்னை நிலைநிறுத்திக்கொள்வதே அதன் ஸங்கல்பம். விபீஷணன் வழிகாட்ட லக்ஷ்மணன் அதை முடியவிடாமல் தடுத்தான். ஆகவே ஹோமத்தின் ஏற்றம் த்ரவ்யத்தின் மிகுதியிலோ மந்த்ரத்தின் சுத்தியிலோ மட்டும் இல்லை. ஸங்கல்பத்தின் தூய்மையிலும் த்யாகத்தின் உண்மையிலும் இருக்கிறது என்பது தெளிவாகிறது.

இவ்வுண்மை முழுமையாக விளங்கிய இடம் இந்த ஸேதுக் கடற்கரையேயாகும். விபீஷணன் இங்கே வந்தபோது அவன் கையில் ஸமித்து இல்லை, நெய் இல்லை, ஹவிஸ் இல்லை. மனைவி மக்களையும் இலங்கையையும் விட்டு வந்தவன், தன்னையே ராமன் திருவடிகளில் ஸமர்ப்பித்தான். சரணாகதி செய்தவன் வேள்விகள் அனைத்தையும் நன்கு செய்தவனாகிறான் என்று அஹிர்புத்ந்ய ஸம்ஹிதை கூறும். அங்கே ஆத்மாவே ஹவிஸ். எம்பெருமான் திருவடியே அக்நி. இராமேச்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே உள்ள கோதண்டராமர் ஸந்நிதி இச்சரணாகதியை இன்றும் நினைவூட்டுகிறது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் மாதப் புயலில் தனுஷ்கோடி ஊரே அழிந்தும், அந்த ஸந்நிதி அழியாமல் நின்றது.

சரணமடைந்தவனுக்கு அபயம் அளித்த ராமன், தானும் கடலரசனை வேண்டித் தர்ப்பப் புல்லைப் பரப்பிக் கிழக்கு நோக்கி மூன்று இரவுகள் கிடந்தான். அக்கோலத்திலேயே தர்ப்பசயன ராமனாகத் திருப்புல்லாணியில் இன்றும் ஸேவை ஸாதிக்கிறான். ஹோமகுண்டத்தைச் சுற்றித் தர்ப்பம் பரப்பப்படுவதையும், தர்ப்பத்தின் மேல் பெருமாளே கிடப்பதையும் சேர்த்து நினைப்போர்க்கு நெஞ்சம் உருகும். நம்மைக் கொடுக்கச் சொல்லுமுன் அவன் தன்னையே கொடுத்துக் காட்டுகிறான். புருஷ ஸூக்தமும், ஆதியில் நடந்த முதல் வேள்வியில் அப்புருஷனே ஹவிஸ்ஸாக இருந்தான் என்றன்றோ பேசுகிறது?

வேதவேள்விகள் இந்நாளிலும் முற்றும் மறைந்துவிடவில்லை. கேரளத்தில் பாஞ்ஞாள் என்னும் ஊரில் 1975ஆம் ஆண்டு ஏப்ரல் 12 முதல் 24 வரை நம்பூதிரி வைதிகர்கள் அக்நிசயனம் என்ற பெரிய வேள்வியை நடத்தினர். மேல்நாட்டு அறிஞர்களும் வந்திருந்து அதைப் படமாக்கினர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட செங்கற்களைக் கொண்டு பறவை வடிவில் வேதி கட்டப்பட்டது. ஆட்டுக்குப் பதிலாக அரிசி மாவால் செய்த உருவங்களையே பயன்படுத்தினர். வேள்வி முடிந்தபின், அரும்பாடுபட்டு எழுப்பிய யாகசாலைக்கே தீயிட்டனர். கட்டியவர்களும் 'ந மம' என்று விட்டு அகன்றனர் என்று கொள்ளலாம்.

பகவத் ராமாநுஜர் கீதா பாஷ்யத்தில், கர்மத்தை விடவேண்டா என்றும், பலனில் பற்று, 'என் கர்மம்' என்ற எண்ணம், 'நான் செய்கிறேன்' என்ற எண்ணம் ஆகிய மூன்றையுமே விடவேண்டும் என்றும் தெளிவாக்கியருளினார். இதுவே ஸாத்விக த்யாகம். எல்லா வேள்விகளையும் ஏற்பவன் தானே என்று எம்பெருமான் சொல்லியிருக்க, ஏற்பவன் திருவுள்ளத்தில் கொடுப்பவன் கணக்கு வைக்கலாமோ?

இனித் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். பாயஸப் ப்ரஸாதம் பெற்ற தம்பதிகளில் சிலருக்குப் பிள்ளைப்பேறு கிட்டுகிறது, சிலருக்குக் கிட்டுவதில்லை. கிட்டாதவர்களை, 'ஹோமத்தில் குறை, பக்தியில் குறை' என்று உற்றார் பேசுவதும், குறையைப் பெண்ணின் தலையிலேயே சுமத்துவதும் கொடுமையாகும். ஸங்கல்பத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்தே அமர்கின்றனர். தசரதனும் தன் தேவியர் எவரையும் பழிக்காமல், தானே தீக்ஷை கொண்டான். மருத்துவரை நாடுவதும் தவறன்று. முயற்சி மனிதனுடையது, பயன் பெருமாளுடையது. 'ந மம' என்று உண்மையாகச் சொல்லி எழுந்தவர்களின் ஹோமம் அப்பொழுதே நிறைவேறிவிட்டது. பிள்ளை பிறந்தால், அது பெருமாள் வளர்க்கத் தந்த பிள்ளை. விச்வாமித்ரர் வந்து கேட்கும் நாளில் கொடுப்பதற்கு மனம் பழகியிருக்கும். பிறவாவிடில், அவ்வன்பு ஊரிலுள்ள பல பிள்ளைகளுக்கும், வேதம் பயிலும் சிறுவர்களுக்கும், பசித்து வரும் அடியார்களுக்கும் பங்காகச் செல்லும். தசரதன் பாயஸத்தைத் தனக்கென்று வைக்காமல் பங்கிட்டான் அன்றோ!

உத்ஸவ காலத்தில் யாகசாலையை வலம் வரும் அன்பர்கள், புகையைக் கண்களில் ஒற்றிக்கொண்டு ரக்ஷையை நெற்றியில் இடும்போது, அவ்வொரு சொல்லைத் தம் வாயாலேயே சொல்லிக்கொள்வார்களாக. அக்நியில் விழும் நெய்த்துளி சிறிது. அதனுடன் விழவேண்டிய 'மம' என்ற எண்ணம் பெரிது. அதையும் ஏற்றுக்கொள்ளத் தர்ப்பசயனத்தில் பெருமாள் காத்துக்கொண்டிருக்கிறான்.

ஸ்ரீ ஆதிஜகந்நாதப் பெருமாள் திருவடிகளே சரணம்.

சுபம்