தகுதி என்னும் புது ஜாதகம்

அன்னூரைச் சுற்றியுள்ள மில் ஊர்களில் ஒரு பெண் பிள்ளையின் படிப்பு பிளஸ் டூவோடு நின்றுபோனால் அதற்கு இரண்டு விளக்கம் தயாராக இருக்கும். "படிப்பு அவளுக்கு எழுதலீங்க, ஜாதகத்துல புதன் சரியில்லைனு அப்பவே சொன்னாங்க" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். நாலு எழுத்து படித்தவர்களுக்கு இந்தப் பேச்சு ஆகாது. "போட்டித் தேர்வுல தேறுற அளவுக்குத் தகுதி இல்லை" என்று அவர்கள் சொல்வார்கள். முதல் விளக்கத்தை மூடநம்பிக்கை என்று உடனே தள்ளிவிடுகிறோம். இரண்டாவதும் அதே ரகம்தான் என்கிறேன். இரண்டுமே நடந்ததற்குக் காரணம் தேடுவதில்லை. அந்தப் பிள்ளைக்குள்ளேயே ஏதோ குறை பிறந்தது என்று முடிவு கட்டிவிட்டு எழுந்து போய்விடுகின்றன.

காரணத்தைத் தேடிப் பார்ப்போம்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் அன்னூர் பக்கத்து நூற்பாலை ஒன்றில் ரிங் பிரேம் என்னும் நூற்பு இயந்திரத்தில் வேலை பார்க்கிறாள். அரசுப் பள்ளியில் வணிகவியல் படித்து நல்ல மதிப்பெண் வாங்கியவள். வீட்டுக் கடனுக்காக மில்லுக்குப் போனவள். வக்கீலாக வேண்டும், அதுவும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் படித்து வரவேண்டும் என்பது அவள் ஆசை. நம் மாநிலத்தில் அப்படி ஒன்று திருச்சியில் இருக்கிறது. அங்கே சேர 'கிளாட்' என்னும் அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 2008ல் தொடங்கிய தேர்வு அது. வயது வரம்பு இல்லை என்பதால் அவளுக்கும் கதவு திறந்திருப்பதாகவே தோன்றும்.

இப்போதைய முறைப்படி 120 கேள்விகள், 120 நிமிடங்கள். ஒவ்வொரு தவறான விடைக்கும் கால் மதிப்பெண் போய்விடும். நீண்ட பத்திகளைக் கொடுத்து அவற்றின்மேல் கேள்வி கேட்பார்கள், ஆகவே வாசிப்பு வேகம்தான் எல்லாம். தேர்வு ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கிறது. விண்ணப்பக் கட்டணம் 4,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் 3,500.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பயிற்சித்தாள் ஒன்றை போனில் திறந்து என்னிடம் காட்டினாள். வேலைக்காரன் செய்த தவறுக்கு முதலாளி எப்போது பொறுப்பாவார் என்பது பற்றிய பத்தி. மூன்று முறை படித்தாள். இடையில் இரண்டு சொல்லுக்கு அகராதி பார்த்தாள். பிறகு தமிழில் எனக்கே விளக்கினாள்: "மில் வேன் எங்கள ஏத்திட்டு வர்றப்போ டிரைவர் யாரையாவது இடிச்சா மில்லு பதில் சொல்லணுங்க. அவரு வேனை எடுத்துட்டுத் தன் மச்சான் கல்யாணத்துக்குப் போயி இடிச்சிருந்தா மில்லு ஏன் சொல்லணும்? ஆனா போக்குவரத்துக்குச் சாவியக் குடுத்தது யாருன்னு பாக்கணும்ல?" அந்தக் கடைசிக் கேள்வி பத்தியிலேயே இல்லை. அவளாக எழுப்பியது. பல நாட்டு நீதிமன்றங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்வி அது. பத்தியின் கீழிருந்த ஐந்து கேள்விகளுக்கும் அவள் விடை சரி. ஆனால் தேர்வு கொடுக்கும் நேரத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. அறையில் உட்கார்ந்து எழுதியிருந்தால் பாதித் தாள் காலியாகக் கிடந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் தகுதி இல்லை என்று எழுதுவோம்.

அவள் வாரத்தைப் பாருங்கள். சட்டப்படி வாரத்துக்கு 48 மணி நேர வேலை. மில்லில் ஷிப்ட் வாரா வாரம் மாறும். பகல் ஷிப்ட் ஒரு வாரம், அரை நைட்டு ஒரு வாரம், முழு நைட்டு ஒரு வாரம். அரை நைட்டு முடிந்து வேன் இறக்கிவிடும்போது ஊர் உறங்கிக்கொண்டிருக்கும். காதுக்குள் இரைச்சல் நிற்காது, தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். காலையில் தண்ணீர் விட்டால் குடம் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அவள் தம்பி பிளஸ் டூ படிக்கிறான். அவன் படிக்கும்போது டிவியை நிறுத்துகிறார்கள், டீ போட்டுக் கொண்டுபோய் வைக்கிறார்கள். அந்த டீயை அவள் போடுகிறாள். இவள் புத்தகத்தைத் திறந்தால், "அம்மிணி, அந்தப் பாத்திரத்தை முடிச்சுட்டு உக்காரு" என்கிறார் அப்பா. கெட்ட மனிதர் அல்ல. மகளின் நேரம் வீட்டுக்குச் சொந்தம், மகனின் நேரம் அவனுக்குச் சொந்தம் என்று எந்தக் கேள்வியும் இல்லாமல் நம்புகிறார். இதைக் கேள்வி கேட்காத எந்த வீட்டிலும் பகுத்தறிவு நுழைந்ததாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், கூடத்தில் யார் படம் மாட்டியிருந்தாலும்.

உடனே ஒருவர் சொல்வார்: மூட்டை தூக்கிக்கொண்டே படித்து ஜெயித்தவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்களை வணங்குகிறேன். ஆனால் ரோமானிய அறிஞர் சிசரோ பதிவு செய்த ஒரு பழைய சம்பவத்தை இங்கே நினைக்க வேண்டும். கடலில் புயலுக்குத் தப்பியவர்கள் கோயிலில் காணிக்கையாக மாட்டிய ஓவியங்களைக் காட்டி, தெய்வத்தின் அருளுக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று டயகோரஸ் என்ற கிரேக்க நாத்திகரிடம் கேட்டார்களாம். வேண்டிக்கொண்டும் மூழ்கிப்போனவர்களின் ஓவியம் எங்கே என்று அவர் திருப்பிக் கேட்டாராம். வேலை பார்த்துக்கொண்டே தேர்வில் வென்றவரின் பேட்டியை நாம் பகிரும்போதெல்லாம் இந்தக் கேள்வி நம்மை நோக்கித்தான் வருகிறது. அதே முயற்சியில் கண் எரிந்து, உடம்பு கெட்டு, பாதியில் விட்டவர்களை யார் பேட்டி எடுத்தார்கள்?

அம்பேத்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் சட்டமும் பொருளாதாரமும் படித்துக்கொண்டிருந்தவர் 1917ல் பாதியில் நாடு திரும்பினார். பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவியும் பெற்று 1920ல் மறுபடி கப்பலேறினார். அந்த மூன்றாண்டில் அவர் மூளை மங்கியும் போகவில்லை, பிறகு திடீரென்று பிரகாசிக்கவும் இல்லை. நடுவில் மாறியது கையிருப்பு மட்டும். அப்படிப்பட்ட மேதைக்கே படிக்கும் நேரத்தை யாரோ காசு கொடுத்து வாங்கித் தர வேண்டியிருந்தது என்றால், ரிங் பிரேமில் நிற்கும் பெண்ணிடம் 'மனமிருந்தால் மார்க்கமுண்டு' என்று சொல்ல நமக்கு வாய் எப்படி வருகிறது?

மொழிக்கு வருவோம். டாக்டராக 'நீட்' தேர்வைத் தமிழில் எழுதலாம். பொறியியலுக்கான ஜே.இ.இ. மெயின் தேர்வைத் தமிழில் எழுதலாம். சட்டம் படித்து முடித்தவர்கள் வழக்காடும் உரிமைக்காக எழுதும் அகில இந்திய பார் தேர்வையும் தமிழில் எழுதலாம். வக்கீலாவதற்கான கடைசி வாசலில் தமிழ் செல்லும், முதல் வாசலில் செல்லாது. நம் மாவட்டக் கோர்ட்டுகளில் சாட்சி சொல்வதும் குறுக்கு விசாரணையும் தமிழில்தான் நடக்கின்றன. கிளாட் தேர்வை மற்ற மொழிகளிலும் நடத்த வேண்டும் என்று 2023ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டவர் ஒரு சட்ட மாணவர். ஆங்கிலம் வேண்டாம் என்று யாரும் கேட்கவில்லை. உள்ளே விட்டுப் பிறகு கற்றுக்கொடுங்கள் என்பதே கோரிக்கை.

"கிளாட் எதற்கு? கோவை அரசு சட்டக் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வே கிடையாதே" என்று கேட்பவர்களுக்கு உரிய பதில் உண்டு. உண்மை. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே தமிழ்நாடு ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் இடம் தருகிறது. 2021ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத முன்னுரிமையைச் சட்டப் படிப்புக்கும் விரித்தது. இவற்றை நான் பெருமையோடு சொல்வேன். ஆனால் இடம் கிடைத்தபின் வகுப்புக்கு எப்போது போவது? இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில்தான் வகுப்பு. வாரம் 30 மணி நேரம். ஆனர்ஸ், சிறப்புப் படிப்பானால் 36. எழுபது சதவீத வருகை கட்டாயம். இந்த விதிக்குள் மாலைக் கல்லூரிக்கு இடமில்லை. அன்னூரிலிருந்து காந்திபுரம் போய், அங்கே பஸ் மாறி மருதமலை ரோட்டில் உள்ள கல்லூரிக்குப் போய்த் திரும்பும் நேரம் வேறு. 2024 செப்டம்பரில், படிக்கும்போது வேலையில் இருக்கிறீர்களா என்று உறுதிமொழி கேட்கும் சுற்றறிக்கையும் வந்தது.

வருகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சட்டம் வகுப்பறையில் வாதாடிக் கற்க வேண்டிய படிப்பு. இந்தக் கண்டிப்பு உண்மையில் யாரைத் தடுத்தது என்று பாருங்கள். வேறு மாநிலத்து 'லெட்டர்பேட்' கல்லூரிகளில் பணத்தைக் கட்டி, வகுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காமலே பட்டத்தோடு வந்து கறுப்பு கவுன் மாட்டியவர்களை நம் வக்கீல்களுக்கே நன்றாகத் தெரியும். வேலையை விடாமல் சட்டம் படிக்கும் வழி பணக்காரருக்கு இருந்தது. நேர்மையாக வகுப்பில் உட்காரத் துடித்த தொழிலாளிக்குத்தான் இல்லை.

ஒரு கணக்கு. ஆண்டுக்கு இரண்டு பருவம், பருவத்துக்கு 15 வாரம், வாரம் 30 மணி நேரம் என்றால் மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு மொத்தம் 2,700 மணி நேர வகுப்பு. தினமும் மாலை மூன்று மணி நேரம், வாரத்தில் ஆறு நாள் நடத்தினால் ஐந்தாண்டில் அதே 2,700 மணி நேரம் வந்துவிடும். ஒரு மணி கூடக் குறையாது. பாஸ்டனில் சஃபோக் சட்டப் பள்ளி 1906லேயே உழைக்கும் ஆட்களுக்கான மாலைப் பள்ளியாகத்தான் ஆரம்பித்தது. அமெரிக்காவில் பகுதிநேரச் சட்டப் படிப்பு இன்றும் நடக்கிறது. அங்கே சட்டத்தின் தரம் செத்துவிடவில்லை. இங்கே கூடுதலாக ஒன்று வேண்டும்: படிக்கும் தொழிலாளிக்குப் பகல் ஷிப்டை நிலையாகக் கொடுக்கச் சொல்லும் விதி. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்பால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. தொழிலாளியின் நேரத்தைச் சட்டத்தால் எடுக்க முடியும் என்றால் சட்டத்தால் கொடுக்கவும் முடியும்.

இது யாருக்கோ செய்யும் தர்மமும் இல்லை. அன்னூர் விவசாயிகள் தொழிற்பூங்காவுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்துப் போராடியபோது அரசாணையை வரிவரியாகப் படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. இரட்டைச் சம்பளம் இல்லாமல் ஓவர்டைம் வாங்கும் மில்லில் சட்டம் என்ன சொல்கிறது என்று சொல்ல ஆள் தேவைப்படுகிறது. 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் மில் தொழிலாளர் நால்வரும் குற்றவாளிக் கூண்டில் நின்று சட்டத்தைப் பார்த்தவர்கள். அந்த வர்க்கத்தின் பேத்திகள் கூண்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பேச வேண்டும் என்று விரும்புவது அதிக ஆசையா?

மாநில பார் கவுன்சிலுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் ஓட்டு வக்கீல்களிடம் மட்டுமே இருக்கிறது. அதில் மில் தொழிலாளிக்கு ஓட்டு இல்லை. ஆகவே கோவை, அவினாசி, மேட்டுப்பாளையம் கோர்ட் வளாகங்களில் பெரியார் பிறந்த நாளுக்கும் அம்பேத்கர் பிறந்த நாளுக்கும் மாலை போடும் வக்கீல் நண்பர்களைத்தான் கேட்கிறேன். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம், மாலை வகுப்பைத் தடுக்கும் அந்த விதியை மாற்றக் குரல் கொடுப்பாயா, மாட்டாயா என்று கேட்டுவிட்டு ஓட்டுப் போடுங்கள்.