அறுபதாம் வயதில் ஒரு கடன்

கடமைகளை எல்லாம் செய்து முடித்துவிட்ட மனிதன் கடன் தீர்ந்தவன் ஆகிவிடுகிறானா?

பிள்ளைகளைப் படிக்க வைத்தாயிற்று. பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டுக்கு மாடியும் எடுத்தாயிற்று. இனி யாருக்கும் எதுவும் தர வேண்டியதில்லை என்று அறுபது வயதில் ஒருவர் நிம்மதியாக மூச்சுவிட்டால், நியாயந்தானே என்று நாமும் சொல்வோம். எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி மூச்சுவிட மறுத்தார். ஊரில் சிலர் அவரைக் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்கள் பக்கம் நியாயம் உண்டா என்று கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும் போல் எனக்குத் தோன்றியது.

அவர் லால்பேட்டைக்காரர். காட்டுமன்னார்கோயிலுக்குப் பக்கத்தில், வீராணம் ஏரிக்கரையில் இருக்கிறது அந்த ஊர். பத்தாம் நூற்றாண்டில் சோழர்கள் வெட்டிய ஏரி அது. 2004-ஆம் ஆண்டிலிருந்து அதன் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் போகிறது. ஊரின் ஆண்களோ அதற்கு வெகு காலம் முன்பே வெளியே போகத் தொடங்கிவிட்டார்கள். மலேயா, சிங்கப்பூர் என்று ஒரு தலைமுறை போயிற்று. துபாய், சவூதி, குவைத் என்று அடுத்த தலைமுறை. பயணத்துக்குச் 'சபர்' என்று பெயர். பயணம் போனவர் 'சபராளி'. நண்பரும் முப்பது ஆண்டுக் காலம் சபராளியாக இருந்தவர்தான்.

முப்பது ஆண்டில் அவர் மனைவியோடு இருந்தது எத்தனை நாள்? இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை இரண்டு மாத விடுப்பு. பதினைந்து தடவை வந்து போனார். கூட்டிப் பார்த்தால் 30 மாதம். அதாவது இரண்டரை ஆண்டு. மற்ற இருபத்தேழரை ஆண்டும் முதலில் கடிதம், பிறகு பேசிப் பதிந்து அனுப்பிய ஒலிநாடா, அதன்பின் தொலைபேசி. ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் இந்தக் கணக்கை அவரே எனக்குப் போட்டுக் காட்டினார். சொந்தக் கடையின் நஷ்டக் கணக்கைக் காட்டுகிறவரைப் போல் இருந்தது அவர் முகம்.

அறுபது நிறைந்த வாரத்தில், அவர் மனைவியை மட்டும் அழைத்துக்கொண்டு இரண்டு நாள் தரங்கம்பாடிக்குப் போய் வந்தார். பிள்ளைகள் இல்லை, பேரன் பேத்தி இல்லை, விருந்தும் இல்லை. சிதம்பரம், சீர்காழி வழியாக ஒரு வாடகைக் கார். 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டைக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவ்வளவுதான் விசேஷம்.

இதில் என்ன கேலி என்று கேட்பீர்கள். ஒருவர், "நம்மில் பிறந்த நாள் கொண்டாடும் வழக்கம் ஏது, பாய்?" என்றாராம். "ஹிஜ்ரிக் கணக்குப்படி எனக்கு 60 முடிந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. இது பாஸ்போர்ட்டில் இருக்கிற அறுபது, கொண்டாட்டம் இல்லை, சபர்" என்று சொல்லிவிட்டார் நண்பர். இன்னொருவர், "இந்த வயதில் ஜோடியாக ஊர் சுற்றலா?" என்றார். மூன்றாமவர் சொன்னதுதான் கவனிக்கத் தக்கது: "அந்தப் பணத்தை ஓர் ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குக் கொடுத்திருக்கலாமே!"

தர்மம் பெரிது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தர்மத்துக்கு ஒரு முறை உண்டு. கடன்காரன் வாசலில் நிற்கும்போது, அவனுக்குத் தர வேண்டியதை எடுத்துப் பிச்சை போடுவதை யாரும் தர்மம் என்று சொல்வதில்லை. மனைவிக்குத் தரும் இரண்டு நாளை உல்லாசச் செலவு என்று எழுதுவதா, கடன் அடைப்பு என்று எழுதுவதா? அதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும்.

'குடும்பத்துக்காக உழைத்தேன்' என்கிறோம். உண்மையான வார்த்தைதான். ஆனால் குடும்பம் என்ற அந்தப் பெரிய சொல்லுக்குப் பின்னால் ஒரு மனுஷி மறைந்து போகிறாள். குடும்பத்துக்குப் பணம் அனுப்பலாம். பிள்ளைகளுக்குப் படிப்பு வாங்கலாம். இவளுக்குத் தர வேண்டியிருந்தது இவளோடு இருக்கும் பொழுது. அது குடும்பக் கணக்கில் எங்கும் பதிவாவதில்லை. அதைக் கேட்டு அவள் வழக்குப் போடுவதும் இல்லை. தகப்பன் வாங்கிய கடனைப் பிள்ளை அடைக்கலாம். இந்தக் கடனை எந்தப் பிள்ளையாலும் அடைக்க முடியாது.

வீட்டிலேயே உட்கார்ந்து பேசக் கூடாதா என்று அவர் மனைவியே கேட்டாராம். "வீட்டில் நான் பேசத் தொடங்கினால் நீ பாதியில் எழுந்து போய்விடுவாயே!" என்றாராம் இவர். பால் பொங்கும், பேத்தி அழும், வாசலில் மீன்காரி கூப்பிடுவாள். ஆணுக்கு வீடு என்பது வேலை முடிந்து வந்து சேரும் இடம். பெண்ணுக்கோ அதுதான் வேலை செய்யும் இடம். அவள் வீட்டை விட்டு வெளியே போனால்தான் அவளுடைய விடுமுறை ஆரம்பமாகிறது. தரங்கம்பாடியில் முதல் நாள் காலையில் யாரோ காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தபோது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அந்த அம்மாள் சிரித்தாராம்.

போகிற வழியில் திருக்கடையூரில் அவர்கள் காரை நிறுத்திச் சற்று நேரம் வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். எமனிடமிருந்து மார்க்கண்டேயனைச் சிவபெருமான் காத்த தலம் என்பது ஐதீகம். அறுபது நிறைந்தவர்கள் சஷ்டியப்த பூர்த்திக்கும், எண்பது கண்டவர்கள் சதாபிஷேகத்துக்கும் அங்கே வந்து மாலையும் கழுத்துமாக நிற்பார்கள். சனி ஒரு சுற்று வர ஏறக்குறைய 30 ஆண்டு. வியாழனுக்கு ஏறக்குறைய 12 ஆண்டு. இரண்டும் பழைய இடத்துக்கு ஒன்றாகத் திரும்புவது அறுபதில். பிரபவ முதல் அட்சய வரையிலான அறுபது வருஷமும் ஒரு வட்டம் முடிகிறது. அந்தச் சடங்கில் ஒரு விவேகம் இருக்கிறது. வயது நிறைந்தது கணவனுக்கு. ஆனால் அவன் மட்டும் போய் உட்கார முடியாது. மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கழுத்தில் மறுபடியும் தாலி கட்ட வேண்டும். 'உன்னோடுதான் இது நிறைந்தது' என்று நாலு பேர் அறியச் சொல்ல வைக்கிறார்கள்.

அந்தச் சடங்கு இல்லாத நண்பர், அதே வார்த்தையைச் சாட்சி யாரும் இல்லாமல் கடற்கரையில் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு நாள் கொடுத்தால் இருபத்தேழரை ஆண்டு தீர்ந்துவிடுமா? தீராது. அதை அவரும் அறிவார். அசலைத் திருப்ப முடியாதவன், கடன் இருக்கிறது என்றாவது ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறான் அல்லவா? அந்தக் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. கடனே இல்லை என்று சாதிக்கிறவனைவிட அவன் எவ்வளவோ மேல்.

கடல் தாண்டியவர்களுக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே சபர் போனவர்கள் எத்தனை பேர்! அலுவலகத்துக்கு, கட்சிக்கு, கடைக்கு, கச்சேரிக்கு என்று போனவர்கள். எழுத்தாளர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இவர்கள் தினமும் இரவில் வீட்டுக்கு வருகிறார்கள். ஆகவே கணக்குப் பார்க்க வேண்டும் என்ற நினைவே வருவதில்லை. சபராளிக்காவது விமானச் சீட்டைப் பார்த்து நாளை எண்ண முடிந்தது.

கடைசியாக நண்பரிடம் ஒன்று கேட்டேன்: "உங்கள் வீட்டு அம்மாளுக்கு அறுபது எப்போது?" அவர் திகைத்துப் போனார். பாஸ்போர்ட் எடுக்க வேண்டியிருந்ததால் இவருடைய தேதி எழுத்தில் இருந்தது. அந்த அம்மாளின் ஆதாரில் வெறும் வருஷம் மட்டும் இருக்கிறது. நம் தாய்மார்களில் எத்தனையோ பேருக்கு அதுவும் கிடையாது. 'பெரிய வெள்ளம் வந்த வருஷம்' என்பார்கள்.

தேதி தெரியாததில் ஒரு சௌகரியம் இருக்கிறது என்றேன் நான். எந்த நாளை வேண்டுமானாலும் அந்த நாள் என்று வைத்துக்கொள்ளலாம். அறுபது வரை காத்திருக்கவும் வேண்டாம்.