மடியும் சீட்டும்

பிறந்த குழந்தையின் மூளை, வளர்ந்த மனிதனுடைய மூளையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கே இருக்கும். இரண்டு வயதிற்குள் அது முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. நரம்பணுக்களுக்கு இடையே முதலில் தேவைக்கு மேற்பட்ட இணைப்புகள் தோன்றுகின்றன; பயன்படுபவை வலுப்பெறுகின்றன, பயன்படாதவை நீங்குகின்றன. பயன்பாடு என்பது என்ன? குழந்தை மிழற்றுகிறது, தாய் மறுமொழி சொல்கிறாள். அது அழுகிறது, யாரோ ஒருவர் எடுத்து அணைக்கிறார். பெரும்பகுதி இவ்வளவுதான்.

மறுமொழி சொல்ல ஒருவருமே இல்லையென்றால்?

ருமேனியாவில் 1966-இல் சௌசெஸ்குவின் அரசு கருக்கலைப்பைப் பெரும்பாலும் தடைசெய்தது. வளர்க்க வழியற்ற பெற்றோர் பலர் குழந்தைகளை அரசுக் காப்பகங்களில் விட்டனர். 1989-இல் அந்த ஆட்சி வீழ்ந்தபோது அங்கே ஒரு லட்சத்திற்கும் அதிகமான குழந்தைகள் இருந்தார்கள். உணவு நேரத்திற்கு வந்தது; முகம் வரவில்லை.

2000-இல் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் தலைநகர் புக்காரெஸ்டில் ஓர் ஆய்வைத் தொடங்கினர். காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதி வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றது. மறுபாதி காப்பகத்திலேயே இருந்தது. நான்கரை வயதில் காப்பகக் குழந்தைகளின் சராசரி அறிவுத்திறன் எண் 73; வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தவர்களுக்கு 81; பெற்றோரிடமே வளர்ந்தவர்களுக்கு 109. இரண்டு வயதிற்கு முன்பே குடும்பத்தை அடைந்தவர்களின் மூளை மின்னலைகள், எட்டு வயதில், காப்பகத்தையே காணாத குழந்தைகளுடையவற்றை ஒத்திருந்தன. அதற்குப் பின் சென்றவர்களுக்கு அந்த நலம் கிட்டவில்லை.

அறிவு வளர்ந்தது, உண்மை. ஆனால் மறுபாதிக் குழந்தைகள்? மனிதனை வெறும் கருவியாகக் கொள்ளலாகாது என்றார் காண்ட். ஆய்வாளர்களின் விடை எளிதில் ஒதுக்கத்தக்கதன்று: அந்நகரில் வளர்ப்புக் குடும்ப ஏற்பாடு அப்போது இல்லை என்றே சொல்லலாம், அதை உண்டாக்கியவர்களே அவர்கள்தாம். காப்பகத்தில் இருந்த குழந்தைக்கு ஒரு குடும்பம் கிடைத்தால் ஆய்வு குறுக்கே நிற்கவில்லை. யாருக்கும் இருந்ததைப் பறிக்கவில்லை. சிலருக்கு இல்லாததைக் கொடுத்தனர்.

இந்த நியாயம் செல்லும். எனினும் முழுமையாக அன்று. இரண்டு வயது என்னும் எல்லையை ஆய்வுதான் காட்டியது. காட்டிய நேரத்தில் மறுபாதிக் குழந்தைகள் அந்த எல்லையைக் கடந்துவிட்டிருந்தார்கள். கற்றுக்கொடுத்தவர்களுக்கு அந்தப் பாடம் பயன்படவில்லை.

மடியின் அருமையை அறிய ஆய்வு எதற்கு, எந்தப் பாட்டியும் சொல்வாளே என்று கேட்கலாம். பாட்டிகள் ருமேனியாவிலும் இருந்தார்கள். அவர்கள் அறிந்திருந்தது அந்தத் தொட்டில்களில் ஒன்றையும் காலியாக்கவில்லை. அதிகாரிகளின் முன் எண்கள் வைக்கப்பட வேண்டியிருந்தது. 2004-இல் இயற்றப்பட்ட சட்டம் இரண்டு வயதிற்கு உட்பட்ட குழந்தைகளைக் காப்பகத்தில் சேர்ப்பதைத் தடைசெய்தது. கடும் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு, மடி யாரினும் மிகுதியாகத் தேவைப்பட்ட அவர்களுக்கு மட்டும், அந்தத் தடை பொருந்தவில்லை.