இதயநோய் யார் செய்த வினை?

இதயத் தசைச் செல்லில் மையோசின், ஆக்டின் என்னும் இரு புரதங்கள் ஒன்றையொன்று பற்றி இழுப்பதால் துடிப்பு பிறக்கிறது. அந்த இழுவையைச் சீர்படுத்துவது மையோசினோடு பிணைந்திருக்கும் சி-புரதம். அதை ஆக்கும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட ஒரு பிழை, இந்தியரில் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பேரிடம் இருப்பதாக 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர் தண்டபாணி தொடங்கிய தேடல் அது. ஐதராபாத் ஆய்வாளர் குமாரசாமி தங்கராஜும் அதில் முக்கியப் பங்கு வகித்தார். பிழையின் வயது ஏறத்தாழ 33,000 ஆண்டு என்பது அவர்கள் கணிப்பு. இளமையில் செல் பழுதான புரதத்தைச் சிதைத்து அகற்றிவிடுகிறது. முதுமை நெருங்க அந்தத் துப்புரவு தளர்கிறது. இதயத் தசைச் செல்கள் அரிதாகவே பிரிந்து புதுப்பிக்கப்படுவதால் கசடு தேங்கி இதயத் தசை தளர்கிறது. பிள்ளை பெற்ற பிறகே பெரும்பாலும் நோய் தலைகாட்டுவதால் பிழையும் வழிவழியாகக் கடந்து வந்துவிட்டது.

சைவம் வேரூன்றிய செட்டிநாட்டில், கொத்தமங்கலம் போன்ற நகரத்தார் ஊர்களில், இத்தகைய நோய்க்கு எளிதில் கிடைக்கும் விளக்கம் முன்வினை. மரபணுவைத்தான் முன்னோர் வினை என்றார்கள் என்று இன்று சிலர் இரண்டையும் ஒட்டவைக்கிறார்கள். சைவ சித்தாந்தம் அதற்கு இடம் தருவதில்லை. வினை செய்த உயிரே அதன் பயனை நுகர வேண்டும் என்பது அதன் அடிப்படை. இந்தப் பிழையோ எவரும் எண்ணிச் செய்யாதது. என்றோ யாரோ ஒருவரின் செல்லில் மரபெழுத்து படியெடுக்கப்பட்டபோது நேர்ந்த நழுவல். ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலங்களில் உடம்பு மாயையின் ஆக்கம். மரபணுவை வைக்க வேண்டிய இடமும் அதுதான்.

அந்தப் பழுதுள்ள உடம்பு ஓர் உயிருக்கு வாய்த்ததே கன்மத்தால் அல்லவா என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் வினை சடம், தானாகப் பயன் தராது, இறைவனே கூட்டுவிக்கிறான் என்பதும் அதே சித்தாந்தம். அப்படியிருக்க, நோயாளியின் படுக்கையருகே நின்று அவர் செய்த பாவத்தைப் படித்துச் சொல்லும் அதிகாரம் எந்த மனிதருக்கும் இல்லை.

பாவக் கணக்கை விட்டு, பிழை கைமாறும் வழியான மண உறவைப் பார்ப்போம். நகரத்தார் ஒன்பது கோயில்களுக்கு உரியவர்களாகப் பிரிந்துள்ளனர். ஒரே கோயிலார் பங்காளிகள். அவர்களுக்குள் பெண் கொடுப்பதில்லை. இந்தக் கட்டு தந்தைவழியைக் கறாராக விலக்குகிறது. தமிழகத்தின் வேறு பல சமூகங்களைப் போலவே மாமன் மகள், அத்தை மகன் உறவை அது தடுப்பதில்லை. ஆனால் சி-புரத மரபணு தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் வரும். அத்தகைய உறவில் பிறக்கும் பிள்ளைக்கு இரு பிரதியும் பழுதாக வாய்த்தால் நோய் இளமையிலேயே கடுமையாகத் தாக்கக்கூடும்.

வினைக்கு இங்கேயும் ஓர் இடம் உண்டு. அதைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பகுப்பார்கள். மூன்றாவது இப்போது புதிதாகச் சேர்ப்பது. தகப்பனுக்கு இதயத் தசை தளர்ந்த வீட்டில் பிள்ளைகள் எக்கோ பரிசோதனை செய்துகொள்வதும், சம்பந்தம் பேசும்போது அதை மறைக்காமல் சொல்வதும் அந்தக் கணக்கில் சேர்பவை.