வகுபடுமா, வகுபடாதா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் முகவரியின் கடைசியில் 626125 என்றிருக்கும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராஜபாளையத்துக்கு 626117. பின்கோடு நம் நாட்டில் 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. முதலில் நிற்கும் 6 தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் பொது. 626 விருதுநகர் வட்டாரம். கடைசி மூன்று இலக்கம் அஞ்சலகம். எண் போட்டவர்களுக்குக் கடிதம் ஊர் போய்ச் சேர்ந்தால் போதும். ஆனால் கணக்கில் இந்த இரண்டும் வேறு வேறு இனம்.

ஸ்ரீவில்லிபுத்தூர் எண்ணைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம். 5-இல் முடிகிறது, 5-ஆல் வகுபடும், எனவே பகு எண். பிரித்தால் 5 × 5 × 5 × 5009. வேலை முடிந்தது.

ராஜபாளையம் அவ்வளவு சுலபமாகப் பிடி கொடுக்காது. ஒற்றைப்படை எண். இலக்கங்களைக் கூட்டினால் 23, ஆகவே 3-ஆல் வகுபடாது. 7-ஆல் வகுத்தால் 2 மீதி. இப்படியே 11, 13, 17 என்று பகா எண்களாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். 157 ஆசை காட்டும்: 157 × 3988 = 626116, ஒன்று குறைகிறது. 433-க்கு வந்தால் 433 × 1446 = 626118, ஒன்று கூடிவிடுகிறது.

எதுவரை போவது? 792-ஐ 792-ஆல் பெருக்கினாலே 627264. நம் எண்ணைத் தாண்டிவிட்டது. 792-க்கு மேல் ஒரு காரணி இருக்குமானால் அதன் ஜோடி 791-க்குள் இருந்தாக வேண்டும். அது முன்பே சிக்கியிருக்கும். 2 தொடங்கி 787 வரை மொத்தம் 138 பகா எண்கள். அத்தனையும் மீதி வைக்கின்றன. அதற்குப் பிறகுதான் 626117 ஒரு பகா எண் என்று வாய் திறக்கலாம்.

வகுபடும் என்று காட்ட ஒரே ஒரு காரணி போதும். வகுபடாது என்று சொல்ல 138-ஐயும் விசாரித்திருக்க வேண்டும். 137 கைவிரித்தது கணக்கில் சேராது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியும் அப்படித்தான். கழிக்க ஒரு கறை போதும். தேற்ற முழு நீளத்தையும் பார்த்தாக வேண்டும்.

நாமோ இரண்டு இடத்தில் கேட்டுவிட்டு “வேலையே கிடைக்காது” என்கிறோம். நாலு பக்கம் புரட்டிவிட்டு “கணக்கில் தப்பே இல்லை” என்று கையெழுத்துப் போடுகிறோம். இன்று அப்படி ஒன்றை முடித்துவைக்கும் முன், எதுவரை தேடினால் போதும் என்று ஓர் எல்லை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு அந்த எல்லைக்குள் ஒன்றையும் விடாமல் பாருங்கள். எல்லை தெரிந்துவிட்டால் 138 வகுத்தல் ஒரு நாள் வேலைதான்.